எதிர்க்கரையில் நின்று கத்தியவர்

மூன்று வருடத்துக்கு முந்தைய ஆடி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. இடம், மேட்டுப்பாளையத்துக்குப் பக்கத்தில் பவானி ஆறு. நாங்கள் அன்னூர்ப் பக்கம். எங்கள் பக்கம் ஆறு கிடையாது. தண்ணீர் என்றால் போர்வெல் தண்ணீர், இல்லாவிட்டால் லாரித் தண்ணீர். குளத்தில் கொஞ்சம் தண்ணீர் நின்றாலே குடும்பத்தோடு போய்ப் பார்த்துவிட்டு வருவோம். ஆற்றின் குணம் தெரியாத அந்த நாங்கள்தான் அன்றைக்கு ஒரு வேன் நிறைய ஆற்றுக்குக் கிளம்பினோம்.

போனது ஞானஸ்நானத்துக்கு. எங்கள் சபை சின்னது. தகரக் கூரை போட்ட ஒரு ஹால். மழை பெய்தால் பிரசங்கம் காதில் விழாது. வெயில் அடித்தால் பிரசங்கம் எப்போது முடியும் என்றிருக்கும். ஆனால் யார் வீட்டில் இன்றைக்கு என்ன குழம்பு என்பது வரை எல்லோருக்கும் எல்லாம் தெரியும். சண்டை போட்டுக்கொள்வோம், மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வோம், அடுத்த ஞாயிறு ஒரே பாயில் உட்கார்ந்து ஜெபிப்போம்.

அந்தச் சபையில் ஒரு அக்கா இருக்கிறார். வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். ஸ்பின்னிங் மில்லில் நின்றபடியே வேலை பார்த்து முழங்கால் இரண்டும் தேய்ந்துபோனவர். வீட்டுக்காரர் இல்லை. மகளைத் திருப்பூரில் கட்டிக்கொடுத்துவிட்டார். சபையில் யார் ஆஸ்பத்திரியில் படுத்தாலும் ஒரு துணிப்பையைத் தூக்கிக்கொண்டு அக்கா முதல் ஆளாகப் போய் நிற்பார். எனக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் நடந்தபோது என் கூடப்பிறந்தவர்கள் ஆப்பிள் வாங்கி வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். அக்காதான் என் கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுத்துக்கொண்டு, நான் முனகும்போதெல்லாம் எழுந்து, முகம் சுளிக்காமல் என் அசிங்கத்தை எல்லாம் அள்ளினார். பாஸ்டர் ஐயா தேவ அன்பைப் பற்றிப் பிரசங்கம் பண்ணும்போது எனக்கு அக்காவின் முகம்தான் ஞாபகத்துக்கு வரும்.

அப்படிப்பட்ட அக்கா ஞானஸ்நானம் எடுத்திருக்கவில்லை. தண்ணீர் என்றால் அவ்வளவு பயம். சின்ன வயதில் தங்கச்சி கிணற்றில் விழுந்ததைக் கண்ணால் பார்த்தவர். எங்கள் சபையில் தண்ணீருக்குள் முழுவதுமாக மூழ்கி எழுந்தால்தான் ஞானஸ்நானம், ஞானஸ்நானம் எடுத்தவர்களுக்குத்தான் திருவிருந்து. மாதத்தின் முதல் ஞாயிறு அப்பத் தட்டு கைமாறி வரும்போது, அக்கா வாங்குவார், எடுக்காமல் அடுத்தவருக்குக் கொடுப்பார். ஊருக்கே பணிவிடை செய்கிறவருக்கு அந்தத் துண்டு அப்பம் கிடையாது. அந்த நேரத்தில் நான் அவர் முகத்தைப் பார்க்க மாட்டேன், எனக்குத் தாங்காது. சபையில் இருந்த தொட்டியில் இரண்டு முறை இறங்க முயன்று, படியிலேயே உடம்பு நடுங்கித் திரும்பிவிட்டார்.

ஆற்றில் கொடுக்கலாமே என்று யோசனை சொன்னது நான்தான். ஆறு என்றால் வெளிச்சமாக, விசாலமாக இருக்கும், கிணறு மாதிரி இருட்டாக இருக்காது என்பது என் கணக்கு.

"முழங்கால் தண்ணிதானுங்கக்கா. உக்காந்து எந்திரிச்சா முடிஞ்சுது. நான் உங்க கையப் புடிச்சுக்கறேன்" என்றேன்.

"உட்ற மாட்டியே கண்ணு?"

"சத்தியமா உட மாட்டேனுங்கக்கா."

சத்தியம் பண்ணக் கூடாது என்று எங்கள் சபையில் சொல்லித்தருவார்கள். ஆனாலும் பண்ணினேன்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். அதற்கு முந்தைய வருடம் ஒரு பஸ் ஸ்டாண்டில் நாங்கள் சிலர் நின்று பாடிக்கொண்டிருந்தபோது, ஒருவர் வந்து கன்னாபின்னாவென்று திட்டிவிட்டார். எங்கள் ஆட்களில் ஒரு தம்பி பதிலுக்குக் கையை ஓங்கப் போய்ப் பெரிய ரகளையாகிவிட்டது. அன்றிலிருந்து பாஸ்டர் ஐயா ஒரு சட்டம் போட்டார். வெளியிடத்தில் யார் நம்மைப் பார்த்துச் சத்தம் போட்டாலும் பதில் பேசக் கூடாது, முறைக்கக் கூடாது, திரும்பியே பார்க்கக் கூடாது. பாட்டைத் தொடர வேண்டும், அதுதான் அன்பின் வழி. நல்ல சட்டம்தான். அதற்குப் பிறகு எங்களுக்கு எந்த வம்பும் வரவில்லை.

அன்று காலை வானம் பளிச்சென்று இருந்தது. மேற்கே மலை மட்டும் கறுத்துக் கிடந்தது. அழகாக இருக்கிறதே என்று செல்போனில் படம் எடுத்தோம். மலைமேல் விடாமல் மழை பெய்துகொண்டிருக்கிறது என்பது எங்கள் மண்டையில் ஏறவில்லை.

நாங்கள் இறங்கிய கரையிலிருந்து கூழாங்கற்கள் மேல் கணுக்காலளவுத் தண்ணீர் ஓடியது. அதைக் கடந்தால் ஆற்றுக்கு நடுவில் அகலமான ஒரு தட்டைப் பாறை. பாறையை ஒட்டி, தெளிந்த தண்ணீர் தேங்கிய ஒரு பள்ளம். அதுதான் வசதி என்று பாஸ்டர் ஐயா முடிவு செய்தார். பாறைக்கு அந்தப் பக்கம் ஆழமான ஒரு வாய்க்கால் மாதிரி ஆறு ஓடியது. அதற்கும் அப்பால் எதிர்க்கரை. எதிர்க்கரையில் ஒரு குடும்பம் கிடா வெட்டி அம்மனுக்குப் படையல் போட வந்திருந்தது. புங்க மரத்தடியில் தார்ப்பாய் கட்டி, லோடு ஆட்டோவை நிறுத்தி, பெரிய பாத்திரங்களில் சமையல் நடந்துகொண்டிருந்தது. பிள்ளைகள் லாரி டியூபைப் போட்டுக் கரையோரம் குதித்துக்கொண்டிருந்தார்கள்.

ஞானஸ்நானம் எடுக்க மூன்று பேர். ஒரு கல்லூரிப் பெண், ஒரு தம்பி, கடைசியாக அக்கா. சபையார் எல்லோரும் எங்கள் கரையில் நின்று பாடினார்கள். டோலக் ஒன்று, டேம்பரின் இரண்டு, போதாக்குறைக்குத் தொண்டைகள். எங்கள் சபைப் பெண்களின் தொண்டையைப் பற்றித் தெரிந்தவர்களுக்குத் தெரியும். செருப்புகளை எல்லாம் தண்ணீர் ஓரத்துக் கல் ஒன்றின் மேல் வரிசையாக விட்டிருந்தோம். பாஸ்டர் ஐயா, நான், அக்கா மூன்று பேரும் பாறையருகே இருந்தோம்.

கல்லூரிப் பெண் மூழ்கி எழுந்து கரைக்குப் போனாள். தம்பியின் முறை வந்தபோதுதான் எதிர்க்கரையிலிருந்து ஒருவர் கத்த ஆரம்பித்தார்.

நாற்பது வயது இருக்கும். வெற்று மார்பு, மடித்துக்கட்டிய வேட்டி, நெற்றி நிறைய விபூதி, குங்குமம். எங்களைப் பார்த்து இரண்டு கையையும் வீசி வீசிக் கத்தினார். பாட்டுச் சத்தத்தில் வார்த்தை புரியவில்லை. ஆனால் கை புரிந்தது. போ, போ, ஏறிப் போ என்றது கை. முகம் கோபத்தில் சிவந்திருந்ததாக எனக்குப் பட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், கோபமாகத்தான் தெரிந்தது.

பாஸ்டர் ஐயா ஒரு தரம் ஏறிட்டுப் பார்த்தார். பிறகு எங்கள் கரைப்பக்கம் திரும்பி, இன்னும் பலமாகப் பாடுங்கள் என்று கையை உயர்த்தினார். பாட்டு எகிறியது. அவர் கத்தக் கத்த நாங்கள் பாடினோம். எனக்கு உள்ளே ரத்தம் கொதித்தது. நீ உன் சாமியைக் கும்பிட வந்தாய், நாங்கள் எங்கள் சாமியைக் கும்பிட வந்தோம், ஆறு என்ன உன் பாட்டன் சொத்தா என்று நாக்கு நுனி வரை வந்தது. சட்டத்தை நினைத்து அடக்கிக்கொண்டேன். அடக்கிக்கொண்டதை நினைத்துக் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

தம்பியும் முடித்துக்கொண்டு கரையேறினார். அக்காவின் முறை. என் கையைப் பிடித்திருந்த அவர் கை ஜில்லென்று இருந்தது.

"ஏன் கண்ணு அவுரு அப்படிக் கத்தறாரு? நம்மளால அவுங்களுக்கு ஏதாச்சும் தொந்தரவா?"

"அவுரு கெடக்கறாருங்கக்கா. நீங்க அக்கட்ட பாக்காதீங்க. என்னையப் பாருங்க."

அந்த நேரத்தில் ஒரு கல் பறந்து வந்து, எங்களுக்குச் சற்றுத் தள்ளித் தண்ணீரில் விழுந்தது. அவர்தான் எறிந்தார். இன்னொன்றைக் குனிந்து எடுப்பதையும் பார்த்தேன். கரையில் அந்தக் கல்லூரிப் பெண் அழ ஆரம்பித்துவிட்டாள். அக்கா பயந்து திரும்பிவிட்டால் இனி இந்த ஜென்மத்தில் தண்ணீரில் இறங்க மாட்டார். பாஸ்டர் ஐயாவுக்கும் அதே பயம் இருந்திருக்க வேண்டும். "சீக்கிரம் முடிச்சிடலாம்மா" என்று அக்காவின் தலைக்குப் பின்னால் கை கொடுத்து, ஜெப வார்த்தைகளைச் சொல்லி, தண்ணீருக்குள் சாய்த்தார். என் கையை அக்கா நொறுக்கிவிடுவது போல் பிடித்திருந்தார். மூழ்கினார். எழுந்தார்.

கரையில் எல்லோரும் கைதட்டினார்கள். எத்தனையோ வருடம் அவர் பட்ட ஏக்கம் முடிந்துவிட்டது. எனக்கு அழுகையே வந்தது. அக்கா முகத்திலிருந்த தண்ணீரை வழித்துவிட்டுக் கண்ணைத் திறந்தார். சிரிப்பார் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. தண்ணீரையே பார்த்தார்.

"தண்ணி கலங்குதுங்கய்யா" என்றார்.

தெளிந்து கிடந்த தண்ணீர் செம்மண் நிறத்துக்கு மாறியிருந்தது. இலையும் சுள்ளியுமாக மிதந்து வந்தது. எங்கள் கரைப்பக்கம் பார்த்தேன். கல்லின் மேல் வரிசையாக விட்டிருந்த செருப்புகள் எல்லாம் ஆற்றில் போய்க்கொண்டிருந்தன. அந்தக் கல்லையே காணவில்லை.

பாஸ்டர் ஐயா கரைக்குப் போக முதலில் கால் வைத்தார். வரும்போது கணுக்காலளவு இருந்த இடம் தொடைக்கு வந்து, இழுப்பு பயங்கரமாக இருந்தது. கூழாங்கல் உருண்டு அவர் விழுந்தார். நான் அவர் சட்டையைப் பிடித்து இழுக்க, எப்படியோ பாறையைப் பற்றிக்கொண்டார். அவருக்கே அப்படி என்றால் முழங்கால் மடங்காத அக்காவை அதில் நடத்திப்போவது நடக்காத காரியம். மூன்று பேரும் பாறைமேல் ஏறிவிட்டோம். அக்காவை ஏற்றுவதற்குள் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது.

கரையில் பாட்டு நின்றது. அப்போதுதான் தூரத்தில் சங்கு ஊதுவது கேட்டது. மேலே மலையில் இருக்கும் அணையில் தண்ணீர் திறந்தால் ஊதும் அபாயச் சங்கு. எத்தனை நேரமாக ஊதிக்கொண்டிருந்ததோ. அப்போதுதான் எதிர்க்கரையில் நின்றவரின் வார்த்தையும் காதில் விழுந்தது.

"மேல ஏறுங்க சாமி! தண்ணி தொறந்துட்டாங்க! ஏறுங்க சாமி!"

தொண்டை கட்டிப்போன குரல். அதையேதான் அவ்வளவு நேரமும் கத்தியிருக்கிறார்.

பாஸ்டர் ஐயாவும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

எங்கள் கரைக்கும் எங்களுக்கும் நடுவில் ஆறு அகலமாகிக்கொண்டே போனது. தீயணைப்புக்குப் போன் போட்டாயிற்று, வந்துகொண்டிருக்கிறார்கள் என்று வேன் டிரைவர் கத்தினார். பெண்கள் கரையில் மண்டியிட்டுக் கதறினார்கள். பாஸ்டர் ஐயா கண்ணை மூடி ஜெபித்தார். எனக்கு ஜெபம் வரவில்லை. பாறையின் ஓரத்தில் ஒரு வெடிப்பு இருந்தது, அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெடிப்பில் தண்ணீர் ஏறியது, நிரம்பியது, பிறகு வெடிப்பு எங்கே என்றே தெரியவில்லை. அக்கா பாறைமேல் உட்கார்ந்து என் இடுப்பைக் கட்டிக்கொண்டிருந்தார். நான் கூட்டிக்கொண்டு வந்து இந்தப் பாறையில் உட்கார வைத்திருக்கிறேன், இவர் போனால் நானும் போய்விட வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

எதிர்க்கரையில் அவர்கள் சும்மா இருக்கவில்லை. லோடு ஆட்டோவில் சரக்குக் கட்டும் கயிற்றை அவிழ்த்து, தார்ப்பாய்க் கயிற்றையும் அவிழ்த்து முடிச்சுப் போட்டார்கள். ஒரு முனை புங்க மரத்தில். மறுமுனை கத்திய அந்த மனிதரின் இடுப்பில். பிள்ளைகளிடமிருந்த லாரி டியூபைக் கையில் மாட்டிக்கொண்டு, கரையோரமாக மேலே கொஞ்ச தூரம் நடந்துபோய், ஆற்றில் விழுந்தார். தண்ணீர் அவரை அடித்துக்கொண்டு வந்தது. பாறைக்கு நேராக வந்ததும் கையை எட்டிப் போட்டார். நழுவியது. கரையில் இருந்தவர்கள் கயிற்றைப் பிடித்து இழுத்து நிறுத்தினார்கள். இரண்டாவது முறை பாறையைப் பிடித்து, மூச்சிரைக்க ஏறி நின்றார். காலில் ரத்தம் ஓடிக்கொண்டிருந்தது.

"ஒவ்வொருத்தராத்தான் போவோணும். மொதல்ல பெரியம்மா வாங்க" என்றார்.

அக்கா வரவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு தலையை ஆட்டினார். அந்த ஆற்றைப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும், நல்ல தைரியசாலிகூட இறங்க மாட்டார். அவர் இறங்குவாரா?

"கண்ணு, கைய உட்றாத. நீ சொன்னியல்லோ, உட மாட்டேன்னு சொன்னியல்லோ..."

தண்ணீர் பாறைக்கு மேல் வந்து எங்கள் பாதத்தைத் தொட்டது. அந்த மனிதர் என்னைப் பார்த்தார்.

"ஏனுங்கம்மணி, நேரமில்லீங்க. நீங்க அவுங்க கைய உடுங்க. நான் புடிச்சுக்கறேன்."

யாரென்றே தெரியாத மனிதர். கொஞ்ச நேரத்துக்கு முன் நான் மனதுக்குள் அத்தனை வசைபாடிய மனிதர். அவரை நம்பித்தான் நான் கையை விட வேண்டும். அக்கா விடவில்லை. நானே அவர் விரல்களை ஒன்று ஒன்றாகப் பிரித்தேன். அவர் பார்த்த பார்வை இன்னும் என் கண்ணுக்குள்ளேயே இருக்கிறது. ஆஸ்பத்திரியில் என்னை விட்டு நகராத கை அது. அதைப் பிய்த்து எடுத்து அந்த மனிதரின் கையில் கொடுத்தேன்.

டியூபுக்குள் அக்காவை மாட்டி, தன் உடம்போடு அணைத்துக்கொண்டு அவர் இறங்கினார். கரையிலிருந்து இழுத்தார்கள். பாதி தூரத்தில் ஒரு மரக்கிளை வந்து மோதி, டியூப் புரண்டது. அக்காவைக் காணவில்லை. அவர் கட்டியிருந்த வெள்ளைச் சேலை மட்டும் ஒரு இடத்தில் சுழன்றது. நான் போட்ட கூச்சல் இரண்டு கரைக்கும் கேட்டிருக்கும். அந்த மனிதர் ஒரு கையால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, தண்ணீருக்குள் தலையை விட்டுத் துழாவினார். எழும்பியபோது அவர் கையில் அக்காவின் தலைமுடி இருந்தது. பிறகு முகம் வந்தது. பிறகு இருமல் சத்தம். ஒரு மனுஷி இருமுவது இவ்வளவு இனிமையாக இருக்கும் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

அடுத்து எனக்காக அவரே திரும்பி வந்தார். வேறு யாரையாவது அனுப்பச் சொல்லி அவர் வீட்டுப் பெண்கள் கத்தியும் கேட்கவில்லை. கடைசியாகப் பாஸ்டர் ஐயா. அவர் கரை சேர்ந்தபோது பாறை இருந்த இடமே தெரியவில்லை. தீயணைப்பு வண்டி வந்து சேர்ந்தபோது நாங்கள் எதிர்க்கரையில் உட்கார்ந்திருந்தோம். பார்த்துவிட்டு, கயிறு இழுத்தவர்களைப் பாராட்டிவிட்டுப் போனார்கள்.

எங்கள் ஆட்கள் அந்தக் கரையில், நாங்கள் மூன்று பேர் இந்தக் கரையில். வேன் பாலம் சுற்றி வர வேண்டும். ஆடிக் கூட்டத்தில் அது எப்போது வருமோ தெரியவில்லை. அவர்கள் வீட்டுப் பெண்கள் அக்காவைத் துவட்டி, உலர்ந்த சேலை கட்டிவிட்டு, அடுப்புப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். அந்த மனிதரின் உள்ளங்கை இரண்டும் கயிறு அறுத்துப் பிளந்திருந்தது. அதில் துணியைச் சுற்றிக்கொண்டே எங்கள் பக்கத்தில் வந்து குந்தினார்.

"நான் எறிஞ்ச கல்லு யாரு மேலயாச்சும் பட்டுருச்சுங்களா?" என்று முதலில் கேட்டார்.

இல்லை என்று தலையாட்டினேன்.

"கத்திக் கத்திப் பாத்தேன், யாரும் திரும்பலீங்க. கல்ல எறிஞ்சாலாச்சும் நிமுந்து பாப்பீங்கன்னு எறிஞ்சுபோட்டேன். அப்பவும் பாக்கல. ஏனுங்க சாமி, நான் போட்ட சத்தம் கேக்கலீங்களா?"

வெள்ளந்தியாகத்தான் கேட்டார். கேட்கவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். நானாக இருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பேன். பாஸ்டர் ஐயா தலையைக் குனிந்துகொண்டார். பிறகு நிமிர்ந்தார்.

"கேட்டுது. நீங்க எங்களத் திட்டறீங்கன்னு நெனச்சோம். அதனாலதான் இன்னும் சத்தமாப் பாடச் சொன்னேன். மன்னிச்சுக்கணும்."

அந்த மனிதரின் முகம் சுருங்கிப்போனது. ஆற்றில் அடிபட்டபோதுகூட அவர் அப்படி ஆகவில்லை. "அப்படீங்களா" என்றார். எழுந்து அடுப்பைப் பார்க்கப் போவது போல அப்பால் போய்விட்டார். பூமி பிளந்து என்னை விழுங்கினால் தேவலை என்று இருந்தது எனக்கு. நாலு வசவு திட்டியிருந்தால்கூட ஆறியிருக்கும்.

அதற்குப் பிறகு அவர்களுடைய படையல் நடந்தது. நாங்கள் தள்ளி உட்கார்ந்திருந்தோம். முடிந்ததும் பந்தி போட்டார்கள். எனக்கு அடுத்த பயம் பிடித்துக்கொண்டது. சாமிக்குப் படைத்ததை நாங்கள் சாப்பிடுவதில்லை. உயிரைப் பணயம் வைத்துக் காப்பாற்றியவர்கள் இலையைப் போட்டால் என்ன சொல்வது? வேண்டாம் என்றால் அவர் முகம் இன்னொரு தரம் சுருங்கும். சாப்பிட்டால் ஊரில் பாஸ்டர் ஐயாவைச் சிலர் பிய்த்துத் தின்றுவிடுவார்கள். பாஸ்டர் ஐயாவும் அதையேதான் யோசித்தார் என்பது முகத்தில் தெரிந்தது.

அந்த மனிதரின் மனைவி ஒரு தூக்குப்போசியும் மூன்று இலையுமாக வந்தார்.

"கறி கொண்டு வர்லீங்கக்கா. கெடா சாமிக்கு வெட்டுனது. இது சோறும் ரசமும். படையல் போடறதுக்கு முன்னாடியே தனியா எடுத்து வெச்சுப்போட்டேன். எங்கூட்டுப் பக்கத்துல உங்களாட்ட அல்லேலூயாக்காரங்க இருக்கறாங்க. படச்சது திங்க மாட்டாங்கன்னு தெரியும்."

"சாமிக்கு வெக்கறதுக்கு முன்னாடி எடுக்கலாமுங்களா?" என்று கேட்டேன்.

"எடுக்கக் கூடாதுதான். அம்மன்கிட்டச் சொல்லிப்போட்டேன். ஒறம்பரைக்குன்னு எடுத்தா கோவிச்சுக்காது."

உறவுக்காரர்களைத்தான் எங்கள் பக்கம் ஒறம்பரை என்போம். எங்களுக்காகத் தன் வழக்கத்தை மீறி, எங்கள் வழக்கத்தைக் காப்பாற்றியிருக்கிறார் அந்தப் பெண். ஒரு வார்த்தை எங்களைக் கேட்காமலே எங்களைப் புரிந்துகொண்டவர் அவர். நாங்களோ கேட்டும் கேட்காமல் அவர் புருஷனைப் பற்றி முடிவு கட்டியவர்கள். ரசம் சோற்றைப் பிசைந்த பாஸ்டர் ஐயாவுக்குக் கண்ணீர் இலையில் விழுந்தது. அவர் துடைக்கவும் இல்லை.

வேன் வந்தபோது அந்த மனிதரே அக்காவைக் கைத்தாங்கலாக மேட்டில் ஏற்றிவிட்டார். எங்களிடம் பேச மாட்டாரோ என்று நான் தயங்கித் தயங்கி நின்றேன். கதவைச் சாத்தும் நேரத்தில் பாஸ்டர் ஐயாவிடம் வந்தார்.

"அடுத்த தடவ முங்க வந்தீங்கன்னா எனக்கொரு போன் போடுங்க சாமி. நீங்க பாடுங்க. நான் மேல நின்னு தண்ணி பாத்துக்கறேன்."

நம்பரையும் கொடுத்தார். பாஸ்டர் ஐயா அவர் கட்டுப்போட்ட கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அக்கா வேனுக்குள் இருந்து, "எனக்கு ரெண்டு ஞானஸ்நானம் ஆச்சுங்க. ஒண்ணு ஐயா முக்குனது, இன்னொண்ணு நீங்க முக்குனது" என்றார். அந்த மனிதர் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது.

அடுத்த மாதம் முதல் ஞாயிறு அக்கா அப்பம் எடுத்தார். அதே ஞாயிறு பாஸ்டர் ஐயா சபைக்கு முன்னால் நின்று, நடந்ததை மறைக்காமல் சொன்னார். தான் போட்ட சட்டத்தையும் தானே எடுத்துப்போட்டார். சத்தம் போடுகிறவர் என்ன சொல்கிறார் என்று முதலில் கேளுங்கள், திட்டுதான் என்று தெரிந்தால் அப்புறம் பாடிக்கொள்ளலாம் என்றார். அங்கே சாப்பிட்டீர்களாமே என்று ஒன்றிரண்டு பேர் முணுமுணுத்தார்கள். "சாப்பிட்டோம். இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கியும் சாப்பிட்டோம்" என்று அக்கா எழுந்து நின்று சொன்னார்.

அந்தக் குடும்பத்தோடு இன்றைக்கும் எங்களுக்குப் போக்குவரத்து இருக்கிறது. ஆனால் அவர் முகம் சுருங்கிய அந்த ஒரு நிமிடம் மட்டும் என்னை விட்டுப் போக மாட்டேன் என்கிறது. வாரம் தவறாமல் அன்பைப் பற்றிக் கேட்டும் பேசியும் வளர்ந்த எனக்கு, அன்பு விபூதி பூசிக்கொண்டு எதிரே நின்று தொண்டை கிழியக் கத்தியபோது அது பகை என்றுதான் தோன்றியது; அந்த வெட்கம் எனக்கு இன்னும் ஆறவில்லை, ஆறாமல் இருப்பதுதான் எனக்கு நல்லது என்றும் நினைக்கிறேன்.